ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுப்பது நியாயமா?

கேள்வி, 07.03.2025

பிளஸ் டூ தேர்வு நடக்கிறது. என் மகன் நேற்று 1.15க்குத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தான். கடைசி ஐந்து மதிப்பெண் கேள்வி பாதியில் நிற்கிறது. அதே மையத்தில் தனி அறையில், தான் சொல்லச் சொல்ல இன்னொருவரை எழுத வைக்கும் ஒரு மாணவனுக்கு 2.15 வரை நேரம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் கேள்வித்தாள் ஒன்று, மதிப்பெண் ஒன்று, நாளைக்குக் கல்லூரியில் போட்டியும் ஒன்று. நேரம் மட்டும் எப்படி இரண்டு? ஒருவரை ஒரு மாதிரியும் இன்னொருவரை வேறு மாதிரியும் நடத்துவது எப்போதாவது நியாயமாகுமா?

07.03.2025, இரவு

ஆகும் சார். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. 'சொல்வதை எழுதுபவராக' அந்தத் தனி அறையில் பதினொரு தேர்வுகளுக்கு உட்கார்ந்திருக்கிறேன். விடைத்தாள் கட்டி அனுப்பிவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். நாளை எழுதுகிறேன்.

08.03.2025

2014இல் பார்வையற்ற மாணவி ஒருத்திக்கு வரலாற்றுத் தாள் எழுதினேன். அந்தப் பாடத்தை நடத்தாத ஆசிரியரைத்தான் போடுவார்கள், அதனால் கணக்கு டீச்சருக்கு வரலாறு வந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கண்காணிப்பாளர்.

கேள்வித்தாள் வாசிக்கப் பத்து நிமிடம் தருவார்கள் இல்லையா? மற்ற பிள்ளைகள் அந்தப் பத்து நிமிடத்தில் தாளை இரண்டு முறை புரட்டி, எதை முதலில் எழுதுவது என்று முடிவே செய்துவிடுவார்கள். அவளுக்கு நான் ஒவ்வொரு கேள்வியாக வாசிக்க வேண்டும். எட்டாவது கேள்வி வரும்போது மூன்றாவது நழுவிவிடும். "டீச்சர், மூணாவது இன்னொரு தடவை" என்பாள். பத்து நிமிடத்தில் நாங்கள் பாதித் தாளைக்கூடத் தாண்டவில்லை.

அப்புறம் பதில். அவள் ஒரு வரி சொல்வாள், நான் எழுதுவேன். நான் எழுதி முடிக்கும்வரை அடுத்த வரியை அவள் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஒரு பத்தி முடிந்தால் வாசித்துக் காட்டச் சொல்வாள். நடுவில் ஒரு வரி விட்டிருந்தால் எங்கே சேர்ப்பது என்று இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். ஆற்காட்டு முற்றுகை பற்றிய பதிலில் என்னை நிறுத்தி, "ஆற்காட்டுக்குப் பெரிய 'ற' டீச்சர், போட்டீங்களா?" என்று கேட்டாள். பிரெயிலில் விரல் வைத்துப் படித்த பெண்ணுக்கு எழுத்து எழுத்தாக நினைவிருந்தது. வாசலில் நின்ற கண்காணிப்பாளரும் சிரித்துவிட்டார்.

2.05க்கு முடித்தோம். கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் 50 நிமிடம் செலவானது. அதில் ஒரு நிமிடம்கூட அவள் யோசிப்பதற்குப் போகவில்லை. முழுக்க என் வாய்க்கும் என் கைக்கும் போனது.

08.03.2025, மாலை

இதை வீட்டில் செய்து பார்த்தேன். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம். நானே பார்த்து எழுதியபோது 6 நிமிடம். மகளைக் கண்ணை மூடி நினைவிலிருந்து சொல்லச் சொல்லி, நான் எழுதி, திருப்பி வாசித்துக் காட்டி, திருத்தி முடித்தபோது 10 நிமிடம். மத்திய அரசின் விதி மணிக்கு 20 நிமிடம் என்று கொடுக்கிறது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு அதுவே ஒரு மணி நேரம் ஆகிறது. என் கணக்குப்படி அது போதவே போதாது.

09.03.2025

நேற்று எழுதிய இரண்டையும் திருத்துகிறேன்.

"ஒரு நிமிடம்கூட யோசிப்பதற்குப் போகவில்லை" என்றது மிகை. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் யோசித்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். வேறு எந்த மாணவருக்கும் கை எழுதும்போது மனம் அந்த வரியில்தான் இருக்கும். ஆக அவளுக்குச் சிறு ஆதாயமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

வீட்டில் செய்ததும் சரியான ஒப்பீடு இல்லை. பார்த்து எழுதுவதையும் நினைவிலிருந்து சொல்வதையும் ஒன்றாக வைத்துவிட்டேன். இன்று இரண்டையும் நினைவிலிருந்தே செய்தோம். 7 நிமிடத்துக்கு 10 நிமிடம் வந்தது. அதாவது மூன்று மணி நேர வேலைக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். விதியை எழுதியவர்கள் யாரோ உட்கார்ந்து அளந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

09.03.2025, இரவு

சந்தையில் கைத்தராசு பிடிக்கும் பாட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தட்டு லேசாக மேலே நின்றால், அதன் கயிற்றில் சின்னக் கல் ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் நிறுக்க ஆரம்பிப்பார். இரண்டு தட்டுக்கும் ஒரே மாதிரி செய்யவில்லை என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. கல் கட்டாமல் நிறுத்தால்தான் சண்டை.

ஆனால் அதே கல்லைத் தட்டின் அடியில் ஒட்டி ஏமாற்றுபவர்களும் உண்டு. கல் ஒன்றுதான். தராசைத் தூக்கி, வெறும் தட்டோடு ஒரு முறை காட்டச் சொன்னால் எது எது என்று தெரிந்துவிடும். காட்ட மாட்டேன் என்றால் அதுவும் பதில்தான்.

10.03.2025

சாரின் மறு கேள்வி வலுவானது. "வேகத்தைச் சோதிப்பது நோக்கம் இல்லை என்றால் எல்லோருக்கும் நான்கு மணி நேரம் கொடுத்துவிடுங்களேன், என் மகனும் கடைசிக் கேள்வியை முடித்திருப்பான்."

இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் நல்ல வாதம் இல்லை. மூன்று மணி நேரம் என்பது கல்லில் செதுக்கியது அல்ல. 1200 மதிப்பெண்ணை 600 ஆக்கியபோது தேர்வை இரண்டரை மணி நேரமாகச் சுருக்கினார்கள். 2019 மார்ச்சில் பிள்ளைகள் அப்படித்தான் எழுதினார்கள். அடுத்த ஆண்டே மறுபடி மூன்று மணி நேரம். அந்த ஒரு ஆண்டு எழுதியவர்களுக்கு யார் நியாயம் சொல்வது?

ஆனாலும் எல்லோருக்கும் நான்கு மணி நேரம் என்றால், சொல்லி எழுத வைக்கும் பிள்ளைக்கு ஐந்து மணி இருபது நிமிடம் கொடுக்க வேண்டியிருக்கும். வித்தியாசம் அப்போதும் இருக்கும். உங்கள் மகனுக்கு நேரம் போதவில்லை என்பது தேர்வுத்துறையிடம் கேட்க வேண்டிய வழக்கு. நியாயமான வழக்கு. அது பக்கத்து அறைப் பையனுக்கு எதிரான வழக்கு ஆகாது.

12.03.2025

கூடுதல் நேரம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது கேரளத்து வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பி.எட். படிக்கும்போது தெரிந்துகொண்டது, இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை.

பதிவுத்துறையில் என்.எம். தாமஸ் என்று ஒரு கீழ்நிலை எழுத்தர். மேல்நிலை எழுத்தராகப் பதவி உயர்வு பெறத் துறைத் தேர்வுகளில் தேற வேண்டும். அவர் தேறிவிட்டார். 1972இல் கேரள அரசு, பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களுக்கு அந்தத் தேர்வுகளை முடிக்க இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசம் கொடுத்து, அதற்குள் பதவி உயர்வும் கொடுத்தது. அந்த ஆண்டு நிரப்பிய 51 இடங்களில் 34 இடம் இன்னும் தேறாதவர்களுக்குப் போனது. தாமஸ் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் வென்றார். 1975 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் அரசின் பக்கம்.

அந்தத் தீர்ப்பில் முக்கியமான திருப்பம் ஒன்று உண்டு. அதுவரை சமத்துவம் என்பது விதி, இடஒதுக்கீடு என்பது விதிவிலக்கு என்றே நீதிமன்றங்கள் பார்த்தன. இந்தத் தீர்ப்பிலிருந்துதான் இடஒதுக்கீடு சமத்துவத்தின் ஒரு முகமே என்ற பார்வை நிலைத்தது. கல் தராசுக்கு வெளியே இருந்து வந்தது அல்ல, தராசின் பாகம் என்பது போல.

தத்துவம் எனக்குச் சம்மதம். ஆனால் நான் தாமஸைத்தான் நினைத்துக்கொள்கிறேன். தேர்வு எழுதித் தேறிய மனிதர். அவர் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியுமா? முடியும் என்று நினைக்கிறேன். "உங்கள் தேர்ச்சியை யாரும் பறிக்கவில்லை. அவர்களும் தேர்விலிருந்து தப்பவில்லை, பின்னால் எழுதியே ஆக வேண்டும். பள்ளிக்கூட வாசலுக்கே தாமதமாக வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு கொடுக்கிறோம்." அவர் ஏற்காமல் போகலாம். ஆனால் சொல்லும்போது நான் தலை குனிய வேண்டியதில்லை.

என் அளவுகோல் இதுதான் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். இழப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய காரணம் இருந்தால் நியாயம்.

13.03.2025

முந்தைய குறிப்பை வாசித்துவிட்டு மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எனக்கு யாரும்மா சொன்னாங்க?"

பதில் எழுத இரண்டு நாள் வேண்டும்.

16.03.2025

என் மகள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளியில். சம்பளம் அரசுடையது, புத்தகம் இலவசம், மதிய உணவு உண்டு, ஆனால் நிர்வாகம் தனியார். வீட்டுக்குப் பக்கத்தில் பெண்கள் பள்ளி அது ஒன்றுதான். என் பள்ளியில் சேர்த்தால் அம்மா இருக்கும் பள்ளி என்று பேச்சு வரும் என்று நான்தான் தவிர்த்தேன்.

2020இல் 7.5 சதவீதச் சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் தனி இடம். நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது, அமைச்சரவை 7.5 என்று முடிவெடுத்தது. ஆளுநர் ஒப்புதல் தாமதமானதால் அக்டோபர் 29ஆம் தேதி அரசாணையாகவே வெளியிட்டார்கள், மறுநாள் ஒப்புதல் வந்தது. ஆசிரியர் அறையில் நாங்கள் கைதட்டினோம். காரணம் எங்களுக்குத் தெரியும். பிளஸ் டூ எழுதுபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். நீட் வந்த பிறகு அவர்களில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டில் எம்.பி.பி.எஸ். 313, பல் மருத்துவம் 92 என்று 405 இடம் ஒதுக்கினார்கள்.

அடுத்த ஆண்டு என் மகள் நீட் எழுதினாள். 411. என் பள்ளியில் நான் கணக்குச் சொல்லிக் கொடுத்த பெண்ணும் எழுதினாள். 268. அவளுக்கு எம்.பி.பி.எஸ். கிடைத்தது, என் மகளுக்குக் கிடைக்கவில்லை. இருவருக்கும் ஒரே சாதிச் சான்றிதழ் பிரிவு. இருவர் வீட்டுக்கும் இடையே நாலு தெரு.

அந்தப் பெண்ணின் அப்பா கல்குவாரியில் வேலை செய்தவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். என் மகளுக்கு அம்மா டீச்சர், வீட்டில் மேசை, விளக்கு, பயிற்சி வகுப்புக்குப் பணம். 143 மதிப்பெண் வித்தியாசத்தில் எவ்வளவு என் சம்பளம் வாங்கிக் கொடுத்தது என்று எனக்கே தெரியும். ஆகவே என் மகளிடம் அந்தப் பெண்ணைப் பற்றி முகம் பார்த்துச் சொல்ல என்னால் முடிந்தது, சொன்னேன்.

சொல்ல முடியாதது வேறு. என் மகளின் வகுப்பில் இன்னொரு பெண். அவளுடைய அப்பாவும் அதே கல்குவாரிதான். அவளும் நீட் தேறினாள். அவள் படித்தது உதவிபெறும் பள்ளி, அதனால் கோட்டுக்கு வெளியே. சம்பளம் கொடுப்பதும் அரசு, பாடத்திட்டமும் அரசு, ஏழ்மையும் அதே ஏழ்மை. பெயர்ப்பலகையில் ஒரு வார்த்தை வேறு. இதை நீதிமன்றத்தில் எழுப்பினார்கள். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. சட்டப்படி கோடு எங்காவது போட்டுத்தான் ஆக வேண்டும், புரிகிறது. அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு இன்றுவரை வாக்கியம் கிடைக்கவில்லை.

சட்டம் தவறு என்று நான் சொல்லவில்லை. கோடு ஓரிடத்தில் தவறு என்கிறேன். இரண்டும் வேறு வேறு.

17.03.2025

ஒன்று விட்டுவிட்டேன். 2020 நவம்பர் கலந்தாய்வில் இடம் கிடைத்தும், தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது என்று சில பிள்ளைகள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அப்புறம்தான் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. கதவைத் திறந்தவர்கள் படிக்கட்டு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நல்லவேளை, சீக்கிரம் கட்டினார்கள்.

19.03.2025

என் அளவுகோலில் ஓட்டை இருக்கிறது. சொந்த வீட்டிலேயே கண்டுபிடித்தேன்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் இரண்டு கோழி. முட்டை அண்ணனுக்கு. எனக்கு ஒன்பது வயதில் ஏன் என்று கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், "அவன் ஆம்பளப் பையன்டி." கூச்சமே இல்லாமல், அன்போடுதான் சொன்னாள். அவளுக்கு அவள் அம்மா சொன்னதும் அதுதான்.

அதே அம்மா, எனக்கு டைபாய்டு வந்து எழுந்தபோது ஒரு மாதம் இரண்டு முட்டையும் எனக்கே கொடுத்தாள். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கே காரணம் தெரிந்திருந்தது.

ஆக முகத்தைப் பார்த்துச் சொன்னால் மட்டும் போதாது. அநியாயத்தையும் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம், ஊரே அப்படிச் செய்தால் இன்னும் எளிதாகச் சொல்லலாம். சொன்ன பிறகு எதிராளி திருப்பிக் கேட்க இடம் இருக்க வேண்டும். "ஆம்பளப் பையன்னா என்ன? நானும்தானே பள்ளிக்கூடம் நடந்து போறேன்?" என்று அடுத்த கேள்வி கேட்டிருந்தால் அடிதான் விழுந்திருக்கும். காரணம் அந்த ஒரு வரியோடு நின்றுவிடும், அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. டைபாய்டு மாதத்தில் அண்ணன் எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் இருந்தது. எவ்வளவு நாள்? உடம்பு தேறும்வரை. தேறியது எப்படித் தெரியும்? வைத்தியர் சொல்வார். தேறிய பிறகு? பழையபடி.

பழையபடி என்றால் அவனுக்கே, அது வேறு விஷயம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு.

20.03.2025

கோயில் வரிசை பற்றிக் கேட்டவருக்கு: கட்டண தரிசனம் நியாயம் இல்லை என்பதே என் எண்ணம். முழங்கால் வலியோடு அம்மா இலவச வரிசையில் மூன்று மணி நேரம் நின்றார். பக்கத்துக் கம்பிக்குள் சீட்டு வாங்கியவர்கள் இருபது நிமிடத்தில் போனார்கள். முதியவர்களுக்குத் தனி வழி என்று பலகை இருந்தது, வழி பூட்டியிருந்தது. வித்தியாசமாக நடத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, யாரை முன்னால் விட்டார்கள் என்பதில்தான்.

22.03.2025

இலவசப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நானும் தினமும் அதில்தான் போகிறேன். மாதச் சம்பளம் வாங்கும் எனக்கு எதற்கு என்று பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார். கட்டட வேலைக்குப் போகிறவர், கையில் கொத்தனார் கரண்டி. 12 ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கினார். எனக்குப் பூஜ்ஜியம் அச்சடித்த சீட்டு.

அன்று என்னிடம் பதில் இல்லை. அடுத்த நாளிலிருந்து காசு கொடுத்துப் பார்த்தேன். நடத்துநர், "எல்லா லேடீஸுக்கும் ஒரே டிக்கெட்தான் டீச்சர், உங்களுக்குன்னு தனியா அடிச்சா எனக்குக் கணக்கு உதைக்கும்" என்றார்.

பிறகு யோசித்தேன். வருமானம் பார்த்துத்தான் கொடுப்பேன் என்றால் பூ விற்கிற அம்மா ஒவ்வொரு நாளும் பஸ் படியில் நின்று தான் ஏழை என்று காட்ட வேண்டும். வீட்டுக்காரரிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்டு நிற்கும் பெண்ணின் வீட்டு வருமானம் நன்றாகவே இருக்கலாம், அவள் கையில் பத்து ரூபாய் இருக்காது. அதற்காகவே எல்லாப் பெண்களுக்கும் என்று வைத்தது சரி என்றே படுகிறது. ஆனால் அந்தப் பெரியவருக்கு இது பதில் ஆகாது. அவருடைய 12 ரூபாய் என் மனதில் இருக்கிறது. அறுபது தாண்டிய கூலித் தொழிலாளிகளுக்கும் கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதல் கையெழுத்துப் போடுவேன்.

23.03.2025

"வருமானத்தை மட்டும் பார்த்தால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும்" என்பவருக்கு. தமிழ்நாட்டில் 1979இல் எம்.ஜி.ஆர். அதைச் செய்து பார்த்தார். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9000 ரூபாய் என்று வரம்பு வைத்தார். 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு இரண்டே இடம். உடனே வரம்பை நீக்கி, 31 சதவீதத்தை 50 ஆக்கினார். தேர்தல் பயம்தான் என்று பலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ஊரில் தண்ணீர்க் குழாயில் யார் பின்னால் நிற்கிறார்கள் என்பதை வருமானச் சான்றிதழ் சொல்லாது. அதையும் சேர்த்தே பேச வேண்டும்.

25.03.2025

அரசு வேலை, கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்த பழைய வகுப்புவாரி உரிமை ஆணை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாக.

சுதந்திரத்தின்போது சென்னை மாகாணத்தில் 14 இடம் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய சொல்லில் அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போடவில்லை என்பது வழக்கிலேயே பதிவானது. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி வெறும் கேள்வி இல்லை. 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது. ஜூன் மாதமே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) பிரிவு சேர்ந்தது.

என் கவனத்தில் பட்டது ஒன்று. அந்தப் பழைய முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி சுவர். இன்று 69 சதவீத இடஒதுக்கீடு போக மீதி 31 யாருக்கு வேண்டுமானாலும் திறந்தது. என் மாணவிகள் பலர் அந்த 31இல் இடம் பிடிக்கிறார்கள். பொதுப் பிரிவு என்றால் முன்னேறிய சாதிகளின் பிரிவு என்று பல பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் கலந்தாய்வுக்கு முன் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். திரும்ப வருகிறேன்.

02.04.2025

தேர்வுகள் முடிந்துவிட்டன, இனிச் சொல்லலாம். தனி அறையில் நான் பார்த்தது எல்லாம் நல்லது இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறு ஒரு மையத்தில், கற்றல் குறைபாடு என்று சான்றிதழோடு வந்த பையன் ஒருவன். நகரத்துப் பள்ளி. எழுத உட்கார்ந்தவர் அவன் சொல்லாததையும் எழுதினார். பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து அறையில் இருந்த நான் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் சொன்னேன். "மெடிக்கல் போர்டு கொடுத்த சான்றிதழ் மேடம், நாம என்ன பண்றது" என்றார். நான் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அது என் தவறு. சார் கேட்டது அந்தப் பையனைப் பற்றி என்றால் என் பதில் வேறாக இருக்கும். தட்டின் அடியில் ஒட்டிய கல் அது.

இன்னொரு பக்கம் இதைவிட அதிகம் உறுத்துகிறது. என் பள்ளியில் வகுப்புக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் உண்டு. வாயால் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். எழுதினால் எழுத்து இடம் மாறும், பாதித் தாள் காலியாக இருக்கும். சோம்பேறி என்று பெயர் வாங்கியிருப்பார்கள். நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடச் சான்றிதழோடு வந்ததில்லை. சான்றிதழ் வாங்க மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும், குறிப்பிட்ட கிழமையில், மூன்று நான்கு முறை. ஒரு முறை போனால் ஒரு நாள் கூலி போச்சு. இப்படி ஒன்று இருப்பதே பெற்றோருக்குத் தெரியாது.

சலுகை நியாயம்தான். ஆனால் அது யாருக்குப் போய்ச் சேர்கிறது? கேட்கத் தெரிந்தவர்களுக்கு. இத்தனை நாள் விதியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், வரிசையைப் பற்றிப் பேசவில்லை.

03.04.2025

ஒருவர் கேட்டார், 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தானே உதவியாளர் என்று. அப்படித்தான் பல இடங்களில் சொல்லி அனுப்பினார்கள். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ளவர் அவர். குடிமைப் பணித் தேர்வில் எழுத ஆள் மறுக்கப்பட்டது. 40 சதவீதம் என்ற அளவு வேலை ஒதுக்கீட்டுக்கு வைத்தது, எழுத ஆள் கொடுப்பதற்கு அதை நிபந்தனை ஆக்கக்கூடாது என்றது தீர்ப்பு. கோட்டைச் சரியான இடத்துக்கு நகர்த்த முடியும் என்பதற்கு இது சாட்சி. என் மகளின் தோழிக்கும் ஒரு நாள் நகரலாம். அவளுக்கு அது உதவாது, அவள் இப்போது லேப் டெக்னீஷியன்.

09.05.2025

நேற்று முடிவு வந்தது. சாரின் மகன் 522 என்று எழுதியிருக்கிறார். மனம் நிறைந்த வாழ்த்து. பாதியில் விட்ட கேள்வி அவனைக் கவிழ்க்கவில்லை.

பக்கத்து அறைப் பையனும் தேறிவிட்டான், மகனின் நண்பர்கள் சொன்னார்கள் என்று சேர்த்து எழுதியிருந்தார். எத்தனை மதிப்பெண் என்று கேட்கவில்லை என்றும் எழுதியிருந்தார். அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன்.

14.06.2025

பள்ளி திறந்து இரண்டு வாரம். பத்தாம் வகுப்பில் ஒரு பையன். வாய்க்கணக்கில் என்னை முந்திவிடுகிறான். நோட்டில் 36ஐ 63 என்று எழுதுகிறான், பெயரில்கூட ஒரு எழுத்து விழுந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு வரை எல்லோரும் திட்டியிருக்கிறார்கள். அவனுடைய அம்மாவை வரச் சொல்லிப் பேசினேன். "அவன் மக்கு இல்லையா டீச்சர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

புதன்கிழமை மருத்துவக் குழு உட்காரும் நாள். ஆதார் நகல், புகைப்படம் நான்கு, பள்ளிக் கடிதம், பழைய விடைத்தாள் சில. கடிதத்தைத் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன், அரை நாள் விடுப்பும் சொல்லிவிட்டேன். காலை 6.40 பஸ்ஸில் அவர்களோடு நானும் போகிறேன். மூன்று முறை அலைய வேண்டியிருக்கும் என்று அந்த அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். "வேலையை விட்டுட்டு வர்றேன் டீச்சர், பஸ்ஸுக்குத்தான் காசு வேணாமே" என்றார்.